ஆம்பிளை கட்டும் ஊடு

நேற்றுப் பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு சரீபா தன் கூடப்பிறந்த ராத்தா முஸ்பிறாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். ஒரு கதையைச் சொன்னாள், எழும்பிப் போனாள். சொன்னவள் வீட்டுக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்திருப்பாள். கேட்டவளுக்குத்தான் விடியும்வரை கண் மூடவில்லை.

"ராத்தா, மச்சான் சம்மாந்துறையில ஊடு கட்டுறாராம். மேசன் ஒருத்தரும் இல்லையாம். தன்ட கையாலேயே கல்லறுத்து, தன்ட கையாலேயே கட்டுறாராம்."

"ஆரு சொன்ன?"

"இவர்தான். நெல்லுப் பாக்கப் போன இடத்துல கண்ணால கண்டிரிக்காரு."

இவர் என்றால் சரீபாவின் புருசன் முர்ஷித். முர்ஷித் இல்லாததைச் சொல்கிற ஆளில்லை. இருப்பதைச் சொல்லவே அவருக்கு அரை நாள் வேண்டும்.

சரி, ஒரு மனிசன் வீடு கட்டினால் அதில் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் நீங்கள் வேறு ஊர்க்காரர். இந்த மருதமுனைக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுடையது. பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பா கல்லும் மண்ணுமாகச் சேர்க்கத் தொடங்குவார். கலியாணத்துக்கு முன் வீடு எழும்பிவிட வேண்டும். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து அதில் குடியேறுவார். அவருடைய உம்மாவின் வீடு அவருடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போயிருக்கும். அவர் அதைப் பற்றி மூச்சுக்கூட விடமாட்டார். அப்படியான ஊரில் ஓர் ஆம்பிளை தானாகப் போய் ஒரு வீட்டைக் கட்டுகிறார் என்றால், அதற்கு ஊர் வைத்திருக்கும் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

அதையும் சரீபாவே சொன்னாள். சொல்லாமல் போனால் அவள் சரீபாவா?

"ஊடு குடுக்க வாப்பா இல்லாத ஒருத்திய ரெண்டாவதாக் கலியாணம் முடிக்கப் போறாரு ராத்தா. அதான் அவரே கட்டுறாரு. சின்ன அறையாம், ஒண்டே ஒண்டு. புதுசா முடிக்கிறவளுக்கு முதல்ல அது போதும்தானே?"

முஸ்பிறா மெஷினை மிதித்தாள். கையில் இருந்த அபாயாவின் கைப்பட்டியை மறுபக்கம் வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அதே பக்கம் வைத்துத் தைத்தாள்.

காலையில் அவள் புருசன், அரிசி ஆலையில் வேலை செய்யும் றிஸ்கான், வழமைபோலச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் இருந்து பிளேன்ரீ குடித்தார். முஸ்பிறா அவருடைய கைகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. விரல் நுனிகள் வெடித்திருந்தன. நகக்கண்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

"கையில என்ன?"

"அரிசி மூட்டை தூக்கினா கை வெடிக்காம, பூவா பூக்கும்?"

"அரிசி மூட்டையில சீமெந்து ஒட்டுமா?"

அவர் நகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார்.

"ஆலையில நெல்லுக் காயப்போடுற தளம் வெடிச்சிட்டு. பூசிக் குடுத்தன்."

இருபது வருசத்துக்கு மேலாக அவரோடு குடும்பம் நடத்தியவள். பொய் சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா? வாய்வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் கோப்பை பறந்திருக்கும். நாளைக்கு ஒரே மகளான றுஸ்தாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் நிந்தவூரிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்தில் சண்டையை இழுத்தால் நாறிப்போவது யார்?

"நாளைக்கு அவங்க அசருக்குப் பிறகு வாறாங்க. நேரத்தோட ஊட்ட வந்திருங்க. வாப்பா இல்லாம ஊடு காட்டினா என்ன நினைப்பாங்க?"

"பாப்பம்" என்றார் றிஸ்கான்.

ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பாப்பமாம்! ஆலையின் சின்ன லொறியை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டுப் போன பிறகும் அந்த ஒரு சொல் முற்றத்திலேயே கிடந்து அவள் காலில் இடறியது. மெஷினில் போய் இருந்தாள், எழும்பினாள். சோற்றுக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்தாள். மேல் மாடிக்கு ஏறி, எதற்காக ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினாள்.

றுஸ்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை. வாய் சரீபாவிடமிருந்து வந்தது, மூளை எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

"உம்மா, சாச்சி சொன்னதையே எத்தனை தரம் மென்டு மென்டு முழுங்குவீங்க? போய்ப் பாருங்களன். நானும் வாறன்."

"நீ எதுக்குப் புள்ள?"

"நீங்க யாருட மயிரைப் பிடிச்சாலும் விலக்கிவிட ஒரு ஆள் வேணுமே."

முஸ்பிறா கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே அபாயாவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவர்களுக்கு எங்கே போவதென்றாலும் பெரியநீலாவணைப் பூபாலசிங்கத்தின் ஓட்டோதான். மனிசன் பாட்டுப் போடமாட்டார், ஆனால் தானே ஓயாமல் கதைப்பார். இன்று முஸ்பிறாவின் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, பாண்டிருப்புத் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை.

கல்முனைச் சந்தையடியில் பொறுக்க முடியாமல் கேட்டார். "சம்மாந்துறையில மரணம் ஏதும் நடந்திட்டா தங்கச்சி?"

"இன்னும் இல்ல அண்ணன்" என்றாள் றுஸ்தா, உம்மாவுக்குப் பதிலாக.

ஓட்டோ சாய்ந்தமருதைக் கடந்தது. முஸ்பிறா அந்தப் பெண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாள். கல்முனையில் அவளுக்கு ஒரு முகம் வந்தது. சாய்ந்தமருதில் நல்ல நிறம் வந்தது. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பும்போது அவளுக்கு வயது முப்பதுக்குள் ஆகி, கை நிறைய மருதாணியும் வந்துவிட்டது. பிரதேச சபைச் சேர்மனிடம் போவதா, பள்ளிவாசலில் முறைப்பாடு வைப்பதா, முதலில் அவளை நாலு கேள்வி கேட்டுவிட்டு மற்றதைப் பார்ப்பதா என்று முஸ்பிறா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கேட்கப் போகும் கேள்விகளை உதட்டுக்குள் சொல்லியும் பார்த்தாள். கோபத்தில் ஒரு தெம்பு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. எதிரில் ஒருத்தி இருக்கிறாள் என்றால், என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

முர்ஷித் சொன்ன இடம் அவளுக்குத் தெரியும். றிஸ்கானின் உம்மா மவுத்தான பிறகு வீடு ராத்தாவோடு போனது. வயலில் ஒரு சின்னத் துண்டு இவருக்கு வந்தது. அதன் மூலையில் வாய்க்காலோரமாக மேடாக ஒரு இடம், முன்பு காவலுக்கு ஓலைக் குடிசையாக வாடி அடித்துக் கிடந்த இடம். வெள்ளாண்மை வெட்டி முடிந்து வயல் முழுக்க நெல் தாள் காய்ந்து கிடந்தது. ஓட்டோ வரம்புவரைக்கும்தான் போகும்.

"நான் இதில நிற்கிறன்" என்றார் பூபாலசிங்கம். "சத்தம் கேட்டா வாறன்."

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. காய்ந்த வயலின் நடுவில், மண் நிறத்தில், நாலு சுவர். கூரை இல்லை. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும் அளவு. பக்கத்தில் கல்லறுக்கும் மரப்பெட்டி ஒன்று, தென்னோலை போட்டு மூடிய கல் அடுக்கு, சீமெந்துப் பை ஒன்று, மண்ணும் மணலும் குவியலாக. வயல் மண்ணோடு மணலும் கொஞ்சம் சீமெந்தும் கலந்து, பெட்டியில் குத்தி இறுக்கி எடுத்த கல். ஒவ்வொன்றிலும் அவருடைய விரல் பதிந்திருந்தது.

றிஸ்கான் வேலையில் இருந்தார். உள்ளே நின்று சுவரில் சாந்தைப் போட்டுத் தடவுவார். கரண்டியை வைத்துவிட்டு வாசலால் வெளியே வருவார். ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய் வைப்பார். பிறகு நூலைக் குனிந்து பார்ப்பார். பிறகு மறுபடியும் வெளியே. கட்டாரில் வேலைக்குப் போயிருந்தபோது வாங்கிய தொப்பி தலையில். சாரன் முழங்காலுக்கு மேலே. முதுகில் வியர்வை வழிந்தது.

அவர்களைக் கண்டதும் கல்லோடு நின்றார்.

 முஸ்பிறா அவரைத் தாண்டி வீட்டைச் சுற்றி ஒரு வலம் போனாள். ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலால் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல், சுருட்டிய ஒரு பாய், ஆணியில் தொங்கும் சேட். பெண்பிள்ளையின் செருப்பு இல்லை, சீப்பு இல்லை, ஒரு ஊசிகூட இல்லை. இன்னொரு வலம் போனாள்.

"எங்க அவள்?"

"ஆரு?"

"இந்த ஊட்டுக்காரி!"

 றிஸ்கான் கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கல் அடுக்கில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். முஸ்பிறாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க! ஊரே சிரிக்குது, அது போதாதா? ஆம்பிளை எதுக்கு ஊடு கட்டுற? ஆருக்குக் கட்டுறீங்க?"

"எனக்கு."

"உங்களுக்கு ஊடு இல்லையா?"

அவருடைய சிரிப்பு நின்றது. றுஸ்தா ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேளாதவள்போல அங்கே இருந்த வாளியை எடுத்துக்கொண்டு, "தண்ணி கொண்டு வாறன்" என்று சொல்லி வாய்க்கால் பக்கம் இறங்கினாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"சொல்லுங்க. உங்களுக்கு ஊடு இல்லையா?"

"எங்க இரிக்கு?" என்றார் றிஸ்கான். சண்டைக்குக் கேட்பவர்போல அல்ல, உண்மையாகவே தெரியாதவர்போலக் கேட்டார். "உம்மாட ஊட்டுல பொறந்தன். அது ராத்தாட ஊடு எண்டு சின்னப் பிள்ளையிலேயே தெரியும். பிறகு உன்ட ஊட்டுக்கு வந்தன். அங்கயிருந்து கட்டார். அங்க கம்பனிக்காரன்ட கட்டில், மேலயும் ஆள், கீழயும் ஆள். திரும்பி வந்தன், உன்ட ஊடு. நாளைக்கு அவங்க வந்து பாத்து ஓம் எண்டா அது மகள்ட ஊடு. நான் பிறகு மருமகன்ட முகத்தைப் பாத்து நடந்துகொள்ள வேணும். கேட்டுப்பாரு, நான் ஒரு நாளும் ஒரு ஊட்டுக்கதவை என்ட எண்டு சாத்தினதில்ல."

"என்ன கதை இது? நான் உங்களை எப்ப வேற ஆளா வெச்சன்?"

"தரகர் வந்த அண்டைக்கு."

அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. அதுதான் இதில் கொடுமை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

அன்று நடு அறையில் கலியாணத் தரகர், முர்ஷித், சரீபா எல்லாரும் இருந்தார்கள். வீட்டை மேலும் கீழுமாக முழுக்க றுஸ்தாவின் பேரில் எழுதுவது என்று கதை போனது. மேல் மாடி றிஸ்கான் கட்டார் வெயிலில் நின்று உழைத்து எடுத்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல் மாடியை நாங்க ரெண்டு பேரும் இரிக்கிறதுக்கு வெச்சுக்கொண்டா என்ன?" என்று கேட்டார். முஸ்பிறா உடனே, "நீங்க சும்மா இருங்க. ஊடு என்ட பேர்ல இரிக்கு, நீங்க எதுல கையெழுத்து வெக்கப் போறீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். றிஸ்கானும் சிரித்தார். பிறகு அவள், குசினிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து இருவரும் கிடப்போம் என்றாள். அவளுடைய உம்மா வாப்பாவும் அப்படித்தான் கிடந்தார்கள். அவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

"நீங்களும்தானே சிரிச்சீங்க?" என்றாள். குரல் தணிந்துவிட்டது.

"சிரிக்காம? அத்தனை பேருக்கு முன்னால அழுறதா?"

 முஸ்பிறா சீமெந்துப் பையின் மேல் குந்தினாள். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகள் ஒன்றுக்கும் இங்கே ஆள் இல்லை. இன்னொருத்தி இருந்திருக்கலாம் என்று, அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு நொடி அவள் மனம் நினைத்தது. இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவளை விரட்டிவிட்டு இவரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். இங்கே யாரை விரட்டுவது?

எழும்பி வாசலுக்குப் போய் உள்ளே மறுபடி பார்த்தாள். இம்முறை பாயைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தாள். பாயை விரித்தால் பக்கத்தில் ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவுதான்.

"இது என்ன அளவு?"

"மண்ணுல படுத்தன். கையைக் காலை நீட்டிப் பாத்தன். சுத்திவரத் தடியால கீறினன். எனக்கு இவ்வளவு போதும் எண்டு தெரிஞ்சிது."

"மண்ணுக்குள்ள வெக்கிற கபுருக்குத்தான் அப்படி அளக்கிற!" என்று கத்தியேவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. 

"அதை வேற ஆக்கள் அளப்பாங்க. இது நானே அளந்தது."

"அப்ப நான் எங்க படுக்கிற?"

 கேள்வி றிஸ்கானுக்கும் புதிதாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கரண்டியை எடுத்துச் சாந்துத் தாச்சியைக் கிளறினார்.

"நீதான் உனக்கு இடம் பாத்திட்டியே. குசினிக்குப் பின்னால."

"அது ரெண்டு பேருக்கும்!"

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. 

கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாரி இன்னும் தொடங்கவில்லை, ஆனால் அதன் வாசம் வந்துவிட்டது. றிஸ்கான் வானத்தைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார். கலவை இறுகத் தொடங்கியிருந்தது. மழை விழமுன் இந்தக் கிழக்குச் சுவரை முடித்தால்தான் கூரைமரம் ஏற்றலாம். அவர் கதையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாந்தைப் போட்டார். கரண்டியை வைத்தார், வெளியே வந்தார், கல்லை எடுத்தார், உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார்.

ஒருவர் இப்படி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முஸ்பிறாவின் பிறவியிலேயே இல்லை. அடுத்தவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனாலும் சட்டி கழுவிவிட்டு வருகிறவள். கலவை இறுகுகிறது, மனிசன் ஒவ்வொரு கல்லுக்கும் வீட்டைச் சுற்றி நடக்கிறார். எவ்வளவு நேரம் பொறுப்பாள்? அபாயாவின் கைகளை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அடுக்கிலிருந்து ஒரு கல்லைத் தூக்கினாள். நல்ல பாரம். சுவருக்கு மேலால் நீட்டினாள்.

றிஸ்கான் உள்ளே நின்று பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

 அவள் கொடுத்தாள், அவர் வைத்தார். றுஸ்தா வாய்க்காலிலிருந்து வந்து, உம்மா கல் எடுத்துக் கொடுப்பதைக் கண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு ஒன்றும் கேளாமல் காய்ந்த கற்களுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். ஒரு வரிசை முடிந்தது. சுவர் அவருடைய கழுத்துக்கு வந்தது.

"நாளைக்கு வருவீங்கதானே?" என்று கேட்டாள் முஸ்பிறா, கல்லைக் கொடுத்துக்கொண்டே.

"எதுக்கு? அந்த ஊட்டைக் காட்ட நீ போதும்."

"நீங்க றுஸ்தாட வாப்பா."

"வாப்பாவா வேணுமெண்டா நிக்காஹ்வுக்கு வாறன். ஊடு காட்ட நான் ஆள் இல்ல."

றுஸ்தாவின் வாளி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கூரை போட்டா இங்கதான் படுப்பீங்களா?"

"ஓம்."

"எல்லா நாளுமா?"

"தெரியா."

அடுத்த வரிசையை அவர் இரண்டு மூலையிலிருந்தும் தொடங்கி நடுவுக்குக் கொண்டுவந்தார். நூல் பிடித்து அப்படித்தான் கட்டுவார்களாம். முஸ்பிறா இந்தப் பக்கம் கொடுத்தாள், அந்தப் பக்கம் கொடுத்தாள். கல் ஏற ஏற அவருடைய தாடை ஒரு பக்கம் மறைந்தது, ஒரு பக்கக் காது மறைந்தது. அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. இவரைத் தன்னிடமிருந்து மறைக்கும் சுவருக்குத் தானே கல் எடுத்துக் கொடுக்கிறாள்.

வீட்டின் மற்றப் பக்கங்களைப் பார்த்தாள். மேற்கே வயலைப் பார்க்க ஒரு யன்னலுக்கு இடம் விட்டிருந்தார். தெற்கே வாசல். கிழக்கே, மருதமுனைப் பக்கம், ஒன்றும் இல்லை.

"இந்தப் பக்கம் யன்னல் இல்லையா?"

"வாடை அடிச்சா மழைத்தண்ணி முழுக்க உள்ள வரும். இந்தப் பக்கம் யன்னல் வெக்க ஏலா."

அது சரியான நியாயம்தான். மாரியில் மழை கிழக்கேயிருந்துதான் சாய்த்து அடிக்கும். தன் வாப்பா கட்டிய வீட்டிலும் அந்தப் பக்கத்து யன்னலைக் கார்த்திகை மாதம் திறப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அதை ஏற்கவில்லை.

வரிசையில் ஒரே ஒரு கல்லுக்கு இடம் மிச்சம் இருந்தது. அந்த இடைவெளியில் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. சாந்துப் புள்ளி மூக்கில், தாடியில். நரை இவ்வளவு ஏறிவிட்டதா என்று முஸ்பிறா பார்த்தாள். தினமும் பார்க்கும் முகம்தான். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், எப்போது பார்த்தாள் என்று நினைவில்லை. 

றிஸ்கான் அந்த இடத்தில் சாந்தைப் போட்டுத் தடவினார்.

"கடைசிக் கல்லு. தா."

முதல் துளி மழை சுவரில் விழுந்து மண்ணைக் கறுப்பாக்கியது. அங்கே வரம்பிலிருந்து பூபாலசிங்கம், "மழை வருது தங்கச்சி, வாங்க போவம்!" என்று கூப்பிட்டார்.

முஸ்பிறா கல்லைத் தூக்கினாள். தூக்கினவள் அதை நீட்டவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈர மண் அபாயாவில் அப்பியது.

"தா முஸ்பிறா. சாந்து இறுகுது."

"இறுகட்டும்."

"மழை வந்தா உள்ளதும் கரைஞ்சு போகும். விளங்குதா? தா."

"நனைஞ்சாலும் பரவாயில்ல. இந்த ஒரு கல்லுட இடத்தை விடுங்க."

"எதுக்கு?"

 வாய் நிறைய வார்த்தை வைத்திருப்பவள், தரகரையும் சரீபாவையும் ஒரே மூச்சில் அடக்குகிறவள், மழையில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

"நான் வந்தா கூப்பிட" என்றாள்.

றிஸ்கான் அந்த இடைவெளிக்குள்ளால் கையை வெளியே நீட்டினார். வெடித்த விரல்களில் மழை விழுந்தது. கல்லைக் கேட்டு நீட்டினாரா, அவளைத் தொட நீட்டினாரா என்று கல் அடுக்கடியில் நின்ற றுஸ்தாவுக்கு விளங்கவில்லை. முஸ்பிறாவுக்கும் விளங்கவில்லை. அவள் கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.